தேர்வு எழுத வேண்டியவர் யார்?

மறதிநோய் முதியோரை ஊதியத்துக்குப் பராமரிப்போரிடம் போதிய அறிவில்லை என்பது ஆய்வேடுகளில் சலிக்காமல் எழுதப்படும் முடிவு. எந்த அளவுகோலால் அளந்தீர்கள் என்று கேட்போர் குறைவு.

2009இல் அமெரிக்காவில் வெளியான ‘அல்சைமர் நோய் அறிவு அளவுகோல்’ 30 கூற்றுகளைக் கொண்டது. ஒவ்வொன்றுக்கும் சரி அல்லது தவறு என்று விடையளிக்க வேண்டும். ஆபத்துக் காரணிகள், நோயறிதல், நோயின் போக்கு, சிகிச்சை எனப் பலவற்றை அது தொடுகிறது. நோய் பற்றிய பொது அறிவைச் சோதிக்க அது உதவும். அந்தி சாய்ந்ததும் கத்துவது, குளிக்க மறுத்து அடிப்பது, நகை திருடுபோயிற்று என்று ஐயுறுவது போன்ற நடத்தை அறிகுறிகளைப் புரிந்து கையாளும் திறனை அளக்கப் போதாது.

மாட்டுங்காவிலோ செம்பூரிலோ ஒரு தமிழ் மூதாட்டியின் வீட்டை எண்ணிப் பாருங்கள். பியூரோ அனுப்பிய பெண்ணுக்குப் பன்னிரண்டு மணி நேரப் பணி. அவர் தாராவித் தமிழராயின் பேச்சு புரியும். மராத்தி மட்டுமே அறிந்தவராயின் புரியாது. நோய் முற்றும்போது, பின்னாளில் கற்ற மொழிகளே பெரும்பாலும் முதலில் நழுவுகின்றன. மும்பையில் அரை நூற்றாண்டு பேசிய இந்தி போய்விடுகிறது, தாய்மொழி எஞ்சுகிறது. வயிற்றுவலியைத் தமிழில் சொல்லும் முதியவரின் குரல் அப்போது ‘கிளர்ச்சி’ என்று பதிவாகிறது. மூன்று நாளாக மலம் போகவில்லை என்பதைக் கணக்கு வைத்திருக்கும் பணிப்பெண்ணோ, ‘நடத்தைசார் அறிகுறி’ என்ற தொடரை அறியாததால் தாளில் தோற்கிறார்.

இது வெறும் ஆய்வுமுறைச் சிக்கலன்று. பணிப்பெண் சொல்வதைக் கேட்டே மருத்துவர் பல வேளைகளில் மருந்து எழுதுகிறார். மறதிநோய் முதியோருக்கு மனச்சிதைவு மருந்துகள் இறப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2005இலேயே எச்சரித்தது. 2023இல் வெளியான தேசிய மதிப்பீட்டின்படி, இந்தியாவில் 60 வயதைக் கடந்தோரில் 7.4 விழுக்காட்டினருக்கு, ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, மறதிநோய் உண்டு.

அப்படியானால் அளக்கவே வேண்டாமா? வேண்டும். பராமரிப்பாளரின் மொழியில், வாய்மொழியாக, நிகழ்வொன்றைச் சொல்லி, “முதலில் எதைப் பார்ப்பீர்கள்?” என்று கேளுங்கள். பணியிடத்தில் உடனிருந்து கவனியுங்கள். அதே தாளில் பணிநேரம், பெற்ற பயிற்சி நாள்கள், இரவில் அழைக்கக்கூடிய மருத்துவர் உண்டா என்பவற்றையும் பதியுங்கள். ஒரு நாள் பயிற்சியும் பெறாதவரின் குறைந்த மதிப்பெண், அவரைப் பணிக்கு அனுப்பிய நிறுவனத்தின் மதிப்பெண்ணும் ஆகும். அந்த இரண்டாவது மதிப்பெண்ணைக் கேளாத வினாத்தாளுக்கு நெறிமுறைக் குழுக்கள் இனி ஒப்புதல் தரலாகாது.