பாலம் கண்டேன், தொழிலாளரைக் காணேன்

1957இல் வெளிவந்து ஏழு ஒஸ்கார் விருதுகளை ஈட்டிய ‘குவாய் ஆற்றுப் பாலம்’ என்னும் ஆங்கிலத் திரைப்படத்தைக் கண்ணுறும் வாய்ப்பு, ஐம்பது வயது கடந்த பின்னரே எனக்குக் கிட்டியது. டேவிட் லீன் அதனை நெறிப்படுத்திய திறம் வியக்கத்தக்கது. சிறைப்பட்ட படைத்தலைவன் ஒருவன், கடமையும் செருக்கும் தன் நெஞ்சிற் கலந்து மயங்க, பகைவனுக்கே செம்மையான பாலம் அமைத்துக் கொடுக்கிறான். அலெக் கின்னஸ் அம்மயக்கத்தை முகத்திலேயே காட்டிவிடுகிறார். படத்துப் பாலம் எழுந்த இடமோ சயாம் அன்று. நம் கித்துல்கலவில், களனி கங்கையின் மேல்.

ஆயினும், படம் முடிந்தபின் என் உள்ளம் அமைதியுறவில்லை. 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாமையும் பர்மாவையும் இணைக்க யப்பானியர் அமைத்த 415 கிலோமீற்றர்ப் புகையிரதப் பாதையில் உழைத்தோர் வெள்ளையர் மட்டுமல்லர். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் உள்ளிட்ட ஆசியத் தொழிலாளர், தொகையிற் போர்க்கைதிகளினும் மிகப் பலர்; பசியாலும் வாந்திபேதியாலும் மாண்டோரும் அவருள்ளேயே மிகுதி. மாண்ட கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. இவர்களுட் பெரும்பாலோர்க்கு அதுவும் இல்லை. இப்படத்திலும் இவர்தம் கதை இல்லை.

வீழ்ந்தார்க்குக் கல் நட்டு வழிபட்ட மரபு நம்முடையது. ஆதலின், மாணாக்கருக்கு இப்படத்தைக் காட்டும் ஆசிரியர், அது காட்டாத கதையையும் உடன் உரைப்பாராக. நம்மால் நாட்டவியலும் நடுகல் அதுவே.