நோயை யாரிடம் சொல்வது என்பது நோயாளியின் உரிமை

சென்ற ஆண்டு என்னிடம் மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற ஒரு தாயார், தம் நோயைப் பற்றி மகனிடம் உடனே சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்திருந்தார். மகனுக்கு அது பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுக் காலம். தேர்வு முடிந்ததும் தாமே பக்குவமாக எடுத்துச் சொல்லலாம் என்று அவரும் கணவரும் எண்ணினார்கள். கீமோதெரபியால் முடி உதிரும் என்று நாங்கள் முன்கூட்டியே தெரிவித்திருந்ததால், ஒரு விக்கும் பருத்தித் தலைத்துணியும் வாங்கிவைக்க நினைத்துக் கைப்பேசியில் தேடினார். இன்னும் எதையும் வாங்கவில்லை. இரண்டே நாள்களில், மகன் பாடக் காணொலி பார்க்கும் டேப்லெட்டில் கீமோ நோயாளிகளுக்கான தொப்பி விளம்பரங்கள் வரத் தொடங்கின. அவ்வீட்டில் எல்லாக் கருவிகளும் ஒரே கணக்கில் இயங்கின. “அம்மா, இந்த விளம்பரம் ஏன் எனக்கு வருது?” என்று மகன் கேட்டபோது அவரிடம் விடை இல்லை.

“டாக்டர், இங்கிருந்து யாரும் சொல்லியிருக்க மாட்டார்களே?” என்று அவர் என்னிடம் மிகுந்த தயக்கத்தோடு கேட்டார். இக்கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது.

நோயாளி சொல்வதை வெளியே சொல்லாதிருப்பது மருத்துவத் தொழிலின் மிகப் பழைய கடமைகளுள் ஒன்று. நீதிமன்ற ஆணை, பிறருக்கு நேரக்கூடிய கடும் ஆபத்து, அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டிய நோய்கள் போன்ற சில விலக்குகள் தவிர, அக்கடமையை மீறக்கூடாது என்று இந்திய மருத்துவக் கழகத்தின் 2002ஆம் ஆண்டு நன்னடத்தை விதிமுறைகளும் கூறுகின்றன. ஆனால் என் அறையில் மெல்லிய குரலில் சொன்ன அதே செய்தியை, வீட்டுக்குச் சென்றதும் நாம் ஒரு கொள்முதல் செயலியின் தேடல் பெட்டியில் எழுதிவிடுகிறோம். சர்க்கரை அளக்கும் பட்டை, முதியோருக்கான டயாப்பர், கருத்தரிப்புப் பரிசோதனைக் கருவி, ஆஸ்டமி பை என்று ஒவ்வொரு தேடலும் ஒரு நோய்க்குறிப்பே. அதைப் பெற்றுக்கொள்பவருக்கு மருத்துவருக்குரிய கடமை எதுவும் இல்லை.

இது எவ்வாறு நிகழ்கிறது? 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் பொறியாளர் லூ மொன்டுல்லி ‘குக்கீ’ என்னும் சிறு குறிப்பை உருவாக்கினார். இணையக் கடையில் நாம் கூடையில் இட்ட பொருள்களை நினைவில் வைத்திருப்பது போன்ற எளிய தேவைகளுக்காகவே அது தோன்றியது. கடைக்காரர் நம் கையில் கொடுத்தனுப்பும் டோக்கனைப் போன்றது அது. பின்னர், ஆயிரக்கணக்கான தளங்களில் இடம்பிடித்திருக்கும் விளம்பர நிறுவனங்களும் தங்கள் டோக்கனை நமக்குத் தரத் தொடங்கின. நாம் எந்தத் தளத்திலிருந்து எந்தத் தளத்துக்குச் சென்றோம் என்பதை அவை அதன் வழியே தொடர்ந்து அறிகின்றன. திறன்பேசியில் இதே வேலையை விளம்பர அடையாள எண் செய்கிறது. கடைகளில் நாம் கொடுக்கும் கைப்பேசி எண்ணும் மின்னஞ்சலும், வெவ்வேறு இடங்களில் சேர்ந்த தகவல்களை ஒரே மனிதரின் பெயரில் இணைக்கும் திறவுகோல்கள் ஆகின்றன.

இது வெறும் அச்சமன்று. அமெரிக்காவில் மருந்து விலைச் சலுகை வழங்கும் குட்ஆர்எக்ஸ் நிறுவனம், பயனர்களின் மருந்து, நோய் விவரங்களை ஃபேஸ்புக், கூகுள் உள்ளிட்ட நிறுவனங்களுடன் பகிர்ந்ததாகக் குற்றஞ்சாட்டி, அந்நாட்டின் கூட்டாட்சி வணிக ஆணையம் 2023 பிப்ரவரியில் நடவடிக்கை எடுத்தது. அந்நிறுவனம் 15 லட்சம் டாலர் அபராதம் செலுத்த ஒப்புக்கொண்டது. மருத்துவமனைகளும் இதில் தூய்மையானவை என்று சொல்லிவிட முடியாது. 2022இல் ‘தி மார்க்கப்’ என்னும் செய்தி நிறுவனம் அமெரிக்காவின் 100 முன்னணி மருத்துவமனைகளின் இணையதளங்களை ஆராய்ந்தபோது, அவற்றுள் 33 தளங்களில் மெட்டா நிறுவனத்தின் கண்காணிப்புக் கருவி இருந்தது. மருத்துவரைச் சந்திக்க நேரம் கேட்டுப் பொத்தானை அழுத்திய செய்திகூட அதன் வழியே வெளியே சென்றது.

“மறைப்பதற்கு என்ன இருக்கிறது டாக்டர்? நோய் என்ன குற்றமா?” என்று சிலர் கேட்கிறார்கள். நோய் குற்றமில்லைதான். ஆனால் அதை யாரிடம், எப்போது, எந்தச் சொற்களில் தெரிவிப்பது என்பதை நோயாளியே முடிவு செய்ய வேண்டும். மற்றொரு காரணமும் உண்டு. மருத்துவனாக என்னை அதிகம் கவலைகொள்ளச் செய்வது அதுவே. புற்றுநோய் என்று தேடியவரின் திரையைத் தேடிக்கொண்டுதான் ‘முழுக் குணம் உறுதி’ என்னும் விளம்பரம் வருகிறது. புற்றுநோயையும் நீரிழிவையும் குணப்படுத்துவதாக மருந்துகளை விளம்பரம் செய்வது, 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டப்படி நம் நாட்டில் குற்றமாகும். ஆயினும் கைப்பேசிக்குள் அது தடையின்றி நுழைகிறது. அஞ்சியிருக்கும் மனிதர் யார் என்று விற்பவருக்கு முன்பே தெரிந்துவிடுவதுதான் இதன் கொடுமை. தொடங்கிய சிகிச்சையை இடையில் நிறுத்திவிட்டு, மாதங்கள் கழிந்து நோய் முற்றிய நிலையில் திரும்பி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

எனவே நோயாளிகளும் உடனிருந்து கவனிப்போரும் சில எளிய பழக்கங்களை மேற்கொள்ள வேண்டுகிறேன்.

முதலாவதாக, நோய் தொடர்பான தேடலையும் கொள்முதலையும் குடும்பம் முழுவதும் பயன்படுத்தும் கணக்கில் செய்யாதீர்கள். அதற்கெனத் தனி மின்னஞ்சலும் தனிக் கணக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவதாக, ஆண்ட்ராய்டு கைப்பேசியின் அமைப்புகளில் தனியுரிமை என்னும் பகுதிக்குள் விளம்பரங்கள் என்ற இடத்தைத் தேடி, விளம்பர ஐடியை நீக்கிவிடுங்கள். ஐபோனில் ஒரு செயலி உங்களைப் பின்தொடர அனுமதி கேட்டால் மறுத்துவிடுங்கள்.

மூன்றாவதாக, செயலியை நிறுவுவதைவிட, உலாவியின் மறைநிலைச் சாளரத்தில் தேடி, முடிந்ததும் அதை மூடிவிடுவது மேல். மூடியதும் அந்தக் குக்கீகள் அழிந்துவிடும். ஆனால் அதனுள் உங்கள் கணக்கில் நுழைந்துவிட்டால் நீங்கள் யார் என்பது அத்தளத்துக்குத் தெரிந்துவிடும் என்பதை மறவாதீர்கள்.

நான்காவதாக, குக்கீ அனுமதி கேட்கும் பெட்டியில் ‘அனைத்தையும் ஏற்கிறேன்’ என்பதை அவசரமாக அழுத்தாதீர்கள். மறுக்கும் வழியும் பெரும்பாலும் அங்கேயே சிறிய எழுத்தில் இருக்கும். கொள்முதல் செயலி உங்கள் தொடர்பு எண்களையும் இருப்பிடத்தையும் கேட்டால், பொருள் வாங்க அவை தேவையா என்று ஒருமுறை சிந்தியுங்கள்.

ஐந்தாவதாக, மருந்துச்சீட்டைப் படமெடுத்து அறிமுகமில்லாத தளங்களில் ஏற்றாதீர்கள். தெருமுனை மருந்துக்கடையில் ரொக்கம் கொடுத்து வாங்கும் மருந்து எந்தத் திரையிலும் உங்களைப் பின்தொடராது.

இவ்வளவு பொறுப்பையும் நோயாளியின் தலையிலேயே சுமத்துவது நியாயமாகாது என்பதையும் சொல்லியாக வேண்டும். தனியுரிமை ஓர் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது. 2023ஆம் ஆண்டின் எண்ணிம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதலைத் திரும்பப் பெறுவது ஒப்புதல் அளிப்பதைப் போலவே எளிதாக இருக்க வேண்டும் என்கிறது. இவற்றைச் செயலில் காட்ட வேண்டியவர்கள் அரசும் நிறுவனங்களும். மருத்துவமனைகளுக்கும் இதில் பங்குண்டு. எங்கள் இணையதளத்திலும் செயலியிலும் உங்களைப் பற்றிய எந்தத் தகவல் யாருக்குச் செல்கிறது என்று எங்களிடம் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. விடை சொல்ல நாங்கள் கடமைப்பட்டவர்கள்.

அந்தத் தாயார் அன்றிரவே மகனிடம் எல்லாவற்றையும் சொல்ல நேர்ந்தது. மகன் தாங்கிக்கொண்டான், தேர்வும் எழுதினான். அடுத்த கீமோவுக்கு அவனே அம்மாவுடன் வந்து வெளியே அமர்ந்திருந்தான். ஆயினும் அவர் என்னிடம் கூறியது இது: “சொல்ல வேண்டிய நாளை நான் மனத்துக்குள் குறித்துவைத்திருந்தேன் டாக்டர்.” அந்த நாள் அவருக்குக் கிடைக்கவில்லை. உங்களுக்காவது அது கிடைக்க வேண்டும்.