தோற்ற ஆட்டத்தையும் எழுதி வையுங்கள்

ஒரு கல்லூரிக் கால்பந்து அணியின் வரலாற்றைக் கேட்டால் நம் ஊரில் கோப்பை அலமாரியைத்தான் காட்டுவார்கள். கண்ணாடிக் கதவுக்குள் சுழற்கோப்பைகள், சுவரில் குழுப் படம், கேப்டன்களின் பெயரெழுதிய மரப்பலகை. வென்ற நாட்களைப் பற்றி இவை பேசும். அந்த அணி இத்தனை ஆண்டுகளில் மொத்தம் எத்தனை ஆட்டம் ஆடியது, யாரோடு, எந்த ஊரில், எத்தனை கோல் வாங்கித் தோற்றது, எந்த ஆண்டில் அணியே போகவில்லை என்று கேட்டால் அலமாரியில் பதில் கிடைக்காது. கடலூர் மாவட்டத்தில் சிதம்பரத்திலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929இல் தொடங்கியது. 2029இல் அதற்கு நூறு வயது. மலர் வெளிவரும், துணைவேந்தர்களின் படங்கள் வரும், பரிசு வாங்கிய அணிகளின் பட்டியலும் வரும். அந்த மலரில் கால்பந்து அணி ஆடிய ஆட்டங்கள் ஒவ்வொன்றும், தேதியும் கோல் எண்ணிக்கையுமாக, தோல்விகளோடு சேர்த்து இடம்பெற வேண்டும் என்பது என் வாதம். மற்ற விளையாட்டுகளுக்கும் இது பொருந்தும். ஆனாலும் கால்பந்திலிருந்து தொடங்கக் காரணம் உண்டு: இன்று கடலூர் மாவட்டத்தின் பெயரை நாடெங்கும் கொண்டுபோயிருக்கும் ஆட்டம் அதுதான்.

எழுத உட்கார்ந்தால் முதலில் எழும் கேள்வி, எது அந்த அணி என்பது. சிதம்பரத்தில் 1920இல் அண்ணாமலைச் செட்டியார் தொடங்கிய மீனாட்சி கல்லூரி, சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரியாக இருந்தது. அன்று அங்கே ஆடியவர்கள் மற்ற கல்லூரிகளை எதிர்த்து ஆடிய ஒரு கல்லூரியின் பையன்கள். 1929இல் அதே வளாகம் பல்கலைக்கழகமாகிவிட்டது. அதுவும் வேறு ஊர்களில் இணைப்புக் கல்லூரிகள் இல்லாத, விடுதியில் தங்கிப் படிக்கும் பல்கலைக்கழகம். அதன் பிறகு பல்கலைக்கழக அணி என்றால் அண்ணாமலை நகர் வளாகத்தில் படிப்பவர்களிலிருந்து மட்டும் எடுத்த அணி. 2013இல் நிர்வாகம் அரசின் கைக்கு வந்தது, அணியின் அமைப்பு மாறவில்லை. மாற்றம் 2021இல் வந்தது. விழுப்புரத்தில் அப்போதுதான் தொடங்கியிருந்த பல்கலைக்கழகத்தை அண்ணாமலையோடு இணைத்து, கடலூர் உள்ளிட்ட மாவட்டங்களின் கல்லூரிகளை இதன்கீழ் கொண்டுவரச் சட்டத் திருத்தம் நிறைவேறியது. கல்லூரிகள் வந்து சேரச் சேர அணிக்கு ஆளெடுக்கும் பரப்பும் ஒரு வளாகத்திலிருந்து மாவட்டங்களுக்கு விரிந்தது. சட்டையில் இருக்கும் பெயர் மட்டும் அதே பெயர்.

கோப்பைப் பட்டியல் இந்த மாற்றம் எதையும் காட்டாது. பல மாவட்டங்களின் கல்லூரிகளிலிருந்து பொறுக்கியெடுத்த அணியைச் சென்னைப் பல்கலைக்கழகம் அனுப்பிய காலத்தில், ஒரே வளாகத்துப் பையன்கள் அதனிடம் இரண்டு கோலில் தோற்றால் அதை ஒரு விதமாகப் படிக்க வேண்டும். சம பலமுள்ள அணியிடம் தோற்ற இரண்டு கோல் வேறு. வளாக அணிக்குச் சாதகமான பக்கமும் இருந்தது. ஒரே விடுதியில் தங்கி, ஒரே மைதானத்தில் ஆண்டு முழுவதும் சேர்ந்து பயிற்சி எடுத்தவர்கள் அவர்கள். போட்டிக்கு முன்னால் சில நாள் முகாமில் சேர்த்த அணிக்கு அந்தப் பழக்கம் வராது. உடற்கல்விப் படிப்பும் வளாகத்திலேயே இருப்பதால் அதில் சேரும் ஆட்டக்காரர்களும் அணிக்குக் கிடைப்பார்கள். ஆக, ஆள் பெருக்கம் பெரிதா, சேர்ந்து பழகியது பெரிதா? பயிற்சியாளர்கள் காலங்காலமாக விவாதிக்கும் விஷயம் இது. 1929 முதல் 2021 வரையிலான ஆட்டங்கள் வரிசையாகக் கையில் இருந்தால் இதைச் சோதித்தே பார்க்கலாம், ஏனென்றால் தமிழ்நாட்டில் இவ்வளவு நீண்ட காலம் ஒரே வளாகத்திலிருந்து அணி எடுத்த பொதுப் பல்கலைக்கழகம் வேறில்லை.

மாவட்டத்தின் மற்றக் கல்லூரிகள் பக்கம் போனால் சிக்கல் இன்னும் கூடும். கடலூர் தேவனாம்பட்டினத்தில் உள்ள பெரியார் கலைக் கல்லூரி முதலில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்தது. வேலூரில் 2002இல் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் தொடங்கியதும் அதற்கு மாறியது, இப்போது அண்ணாமலை. 1991இல் தொடங்கிய கடலூர் புனித வளனார் கல்லூரி வந்த வழியும் இதுவே. ஒரே மைதானத்தில் ஆடி வளர்ந்த மூன்று தலைமுறைப் பிள்ளைகள் பல்கலைக்கழக அணிக்குத் தேர்வானபோது மூன்று வெவ்வேறு பெயர்களின்கீழ் ஆடியிருப்பார்கள். அவர்கள் பெற்ற வெற்றி சென்னைக்கும் வேலூருக்கும் சிதம்பரத்துக்குமாகப் பிரிந்து கிடக்கும். கணக்கைப் பல்கலைக்கழகம் மட்டும் வைத்திருந்தால் அந்தக் கல்லூரியின் கதையை யாராலும் கோர்க்க முடியாது. ஆகவே ஒவ்வொரு கல்லூரியும் தன் ஆட்டங்களைத் தானே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். இணைப்பு எந்தப் பக்கம் மாறினாலும் கல்லூரியின் பேரேடு கல்லூரியிலேயே இருக்கும்.

இப்போது கணக்கு எங்கே இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். பல்கலைக்கழகங்களுக்கிடையிலான ஆண்கள் கால்பந்துக்குச் சர் அசுதோஷ் முகர்ஜி கோப்பை 1941 முதல் இருக்கிறது, சந்தோஷ் கோப்பையின் வயதுதான் அதற்கும். முதலில் மண்டல ஆட்டங்கள், அதில் முன்னிலை பெறும் அணிகளுக்கு அகில இந்தியச் சுற்று. தென் மண்டலத்தின் முதல் சுற்றிலேயே வெளியேறிய அணிக்குக் கோப்பை ஏதுமில்லை, படமும் சுவரில் ஏறாது. ஆனால் அந்த அணியின் ஒவ்வொரு ஆட்டக்காரர் வீட்டிலும் ஒரு காகிதம் பத்திரமாக இருக்கும். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது பல்கலைக்கழகத்துக்காக ஆடியதற்குக் காட்ட வேண்டிய படிவம் 3 சான்றிதழ் அது. தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு இடம் இருப்பதால் அந்தக் காகிதத்தை யாரும் தொலைப்பதில்லை. வேலைக்கு வேண்டும் என்பதால் தனியாள் காப்பாற்றுகிறார், நிறுவனத்துக்கு அப்படியொரு கட்டாயம் இல்லாததால் ஸ்கோர் ஷீட் ஸ்டோர் ரூமோடு போய்விடுகிறது. அந்தச் சான்றிதழோ இவர் ஆடினார் என்பதைச் சொல்லும், ஆட்டம் எப்படிப் போனது என்பதைச் சொல்லாது.

இதெல்லாம் அமெரிக்கப் பழக்கம், நமக்கு எதற்கு என்பார் உண்டு. அமெரிக்கக் கல்லூரிகள் இதில் வெகுதூரம் போயிருக்கின்றன என்பது உண்மை. அவர்கள் ஆடுவது வேறு கால்பந்து, முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவது. 1869 நவம்பர் 6 அன்று ரட்கர்ஸ் கல்லூரி பிரின்ஸ்டனை 6-4 என்று வென்றதை முதல் ஆட்டமாக வைத்து அன்றிலிருந்து வரிசை எழுதி வருகிறார்கள். 1879இல் ஆடத் தொடங்கிய மிச்சிகன் பல்கலைக்கழகம் 2023 நவம்பரில் மேரிலாண்டை 31-24 என்று வென்றபோது அது தன் ஆயிரமாவது வெற்றி என்று சொல்ல முடிந்தது. கணக்கின்மீது அவர்களுக்குள்ள பற்று எவ்வளவு என்றால், பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் நடந்த பெருங்குற்றத்துக்காக 2012இல் விதித்த தண்டனைகளில் ஒன்று அந்த அணியின் 112 வெற்றிகளைப் பதிவிலிருந்து நீக்குவது. 2015இல் அவற்றைத் திரும்பச் சேர்த்தார்கள். நடந்த ஆட்டத்தை நடக்காததுபோல ஆக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. குற்றத்துக்குத் தண்டனை வேறு வழியில் தரலாம், பதிவில் கை வைக்கக் கூடாது. அந்த ஆட்டத்தைச் சுற்றியிருக்கும் பெரும்பணமும் நமக்கு வேண்டாம். ஆனால் பணம் வந்ததற்குக் கணக்கெழுதியது காரணமில்லை. பணமோ தொலைக்காட்சியோ இல்லாத 1869இலும் 1879இலும் நடந்த ஆட்டங்களின் கோல்கள்கூட அங்கே கிடைக்கின்றன. ஒரு நோட்டுப் புத்தகத்துக்கு மேல் அதற்குச் செலவில்லை.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று இருக்கிறது. கல்லூரி அணி நிலையான அணி இல்லை. இளங்கலை மூன்றாண்டு, முதுகலை இரண்டாண்டு என்று வைத்தால் ஐந்தாண்டில் ஒருவர் மிச்சமில்லாமல் அணி மாறிவிடும். ஒருவரையொருவர் பார்த்தே இராத பிள்ளைகளின் வெற்றி தோல்விகளைக் கூட்டி, இத்தனை வென்றது, இத்தனை தோற்றது என்று ஒரு எண்ணைச் சொல்வதில் என்ன பொருள்? இந்த மறுப்பில் பாதியை நான் ஏற்கிறேன். கூட்டுத்தொகையில் எனக்கும் ஆர்வமில்லை. எனக்கு வேண்டியது வரிசை. ஆள் மாறுவதால்தான் வரிசைக்கு மதிப்பே வருகிறது. மாறாமல் இருப்பவை மைதானம், பயிற்சி முறை, உடற்கல்வித் துறை, விடுதிச் சாப்பாடு, நிர்வாகம் ஒதுக்கும் பணம். ஆட்டக்காரர்கள் முழுக்க மாறிய பிறகும் ஓர் அணி தொடர்ந்து கடைசி இருபது நிமிடத்தில் கோல் வாங்குகிறது என்றால் குறையைப் பையன்களிடம் தேட வேண்டியதில்லை. இதைக் கண்டுபிடிக்க எந்த நிமிடத்தில் கோல் விழுந்தது என்பதுவரை எழுதியிருக்க வேண்டும்.

தோல்வியை எழுதினால் என்ன கிடைக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் இந்தியா யுகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்றது. நம் ஆட்டக்காரர்களில் பலர் வெறுங்காலோடு ஆடினார்கள். அந்தக் கோல் எண்ணிக்கை மறைக்க முடியாத இடத்தில் பதிவானது. அதன் பிறகுதான் பூட்ஸ் கட்டாயம் என்ற விதி வந்தது. நான்கே ஆண்டில் மெல்போர்னில் இந்தியா அரையிறுதிக்குப் போய் அதே யுகோஸ்லாவியாவிடம் 4-1 என்று தோற்றது, நான்காம் இடம் பெற்றது. இரண்டும் தோல்விதான், இரண்டுக்கும் பதக்கமில்லை. கோப்பை அலமாரி முறையில் எழுதினால் இரண்டும் காணாமல் போகும். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஓர் அணி நான்காண்டில் எவ்வளவு தூரம் நடந்தது என்பது தெரிகிறது. கல்லூரி அணிகளில் இப்படி நடந்த தூரங்கள் எத்தனையோ இருந்திருக்கும், எழுதாததால் நம்மிடம் இல்லை.

எழுதும்போது கவனம் தேவைப்படும் இடங்களும் இருக்கின்றன. ஒரு காலத்தில் இந்தியாவில் 70 நிமிட ஆட்டம் சாதாரணம், 90 நிமிடம் பின்னால் நிலைத்தது. பெனால்டி டைபிரேக்கர் ஆட்ட விதிகளில் நுழைந்தது 1970இல். அதற்கு முன் சமனில் முடிந்தால் மறு ஆட்டம், நாணயச் சுண்டல், இல்லையேல் கோப்பையை இருவரும் பகிர்வது. 1960 டுராண்ட் கோப்பையை மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் அப்படித்தான் பகிர்ந்துகொண்டன. எதிரணி வராமல் கிடைத்த வாக்ஓவரையும் ஆடிப் பெற்ற வெற்றியையும் ஒரே கட்டத்தில் போட்டால் கணக்கு பொய் சொல்லும். ஆடாமல் வென்றதை ஆடாமல் வென்றது என்றே எழுத வேண்டும். மழையால் நின்ற ஆட்டம், தகராறில் முடிந்த ஆட்டம் எல்லாவற்றுக்கும் ஒரு வரி வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கடலூர் மாவட்டத்து மைதானங்கள் எந்த நிலையில் இருக்கும் என்பது இங்கே ஆடியவர்களுக்குத் தெரியும்.

பெண்கள் ஆட்டத்தில் இந்தக் குறை இன்னும் உறைக்கிறது. இந்திய அணிக்கு ஆடிய இந்துமதி கதிரேசன் கடலூர்க்காரர். 2018 பிப்ரவரியில் கட்டாக்கில் தமிழ்நாட்டுப் பெண்கள் அணி மணிப்பூரை 2-1 என்று வென்று முதன்முறையாகத் தேசியப் பட்டம் பெற்றது. அதே ஆண்டு, பயிற்சியாளர் மாரியப்பனின் உழைப்பில் கடலூரில் வளர்ந்த இந்திரா காந்தி அகாதெமியின் அணி இந்தியப் பெண்கள் லீக் இறுதிச் சுற்றில் ஷில்லாங்கில் போய் ஆடியது. அந்த லீக்கின் ஆட்டங்களை, தோற்றவற்றையும் சேர்த்து, இன்று யாரும் எடுத்துப் பார்க்கலாம், நடத்தியவர்கள் எழுதி வைத்ததால். அதே வயதுப் பெண்கள் தங்கள் கல்லூரிக்காகவும் பல்கலைக்கழகத்துக்காகவும் ஆடிய ஆட்டங்களை அப்படிப் பார்க்க வழியில்லை. பெரும்பாலும் ஏழைக் குடும்பங்களிலிருந்து வந்து ஆடும் பெண்கள் இவர்கள். ஆண்கள் அணிக்காவது பழைய செய்தித்தாள் துணுக்குகள் மிஞ்சும். பெண்கள் கல்லூரி ஆட்டத்துக்கு நிருபர் போவது அரிது. கல்லூரி எழுதாவிட்டால் அந்த ஆட்டத்துக்கு வேறு சாட்சி கிடையாது.

சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் திண்டாடும் பல்கலைக்கழகத்திடம் இதைக் கேட்கலாமா என்பது நியாயமான கேள்வி. பணம் கேட்டிருந்தால் கேட்கக் கூடாதுதான். இனி நடக்கும் ஆட்டங்களுக்கு பி.டி. சார் அன்றைக்கே எழுதும் அரைப் பக்கம் போதும்: தேதி, இடம், எதிரணி, ஆடிய பதினொருவர், மாற்று ஆட்டக்காரர்கள், கோல், நிமிடம், நடுவர். பழைய ஆட்டங்களுக்கு உழைப்பு வேண்டும், அதற்கு ஆட்களும் வளாகத்திலேயே இருக்கிறார்கள். உடற்கல்வி முதுகலை மாணவர்கள் ஆய்வேடு எழுதுகிறார்கள். பயிற்சிக்கு முன்னும் பின்னும் வேகத்தையும் கால் வலுவையும் அளக்கும் ஆய்வேடுகள் ஏராளம் வந்துவிட்டன. ஆளுக்குப் பத்தாண்டு என்று பிரித்துக் கொடுத்தால் பத்து மாணவர்கள் நூறாண்டை முடித்துவிடலாம். தி இந்து நாளிதழின் பழைய விளையாட்டுப் பக்கங்கள், 1947 முதல் 1968 வரை அதே நிறுவனம் நடத்திய ஸ்போர்ட் அண்ட் பாஸ்டைம் வார இதழ், பல்கலைக்கழக ஆண்டறிக்கைகள், எதிரணிப் பல்கலைக்கழகங்களின் ஆவணங்கள் என்று தேட இடமுண்டு. ஓர் ஆட்டத்துக்கு இரண்டு அணிகள் சாட்சி என்பதால் இங்கே தொலைந்தது மைசூரிலோ திருவனந்தபுரத்திலோ கிடைக்கலாம். கிடைக்காத ஆண்டுக்கு நேரே வெற்றிடம் விட்டு வைக்கலாம், ஊகத்தால் நிரப்ப வேண்டாம்.

காகிதத்தில் இல்லாத ஆட்டங்களுக்கு ஆடியவர்களிடம்தான் போக வேண்டும். அங்கே காலம் குறைவாக இருக்கிறது. 1965இல் இருபது வயதில் ஆடியவருக்கு 2029இல் எண்பத்து நான்கு வயது. ஆய்வேட்டுத் தலைப்புகளுக்கு ஒப்புதல் தரும் குழு அடுத்த முறை கூடும்போதே இதில் ஒரு தலைப்பைச் சேர்த்துவிட்டால், அவர்களைத் தேடிப் போகும் மாணவருக்கு இரண்டு ஆண்டாவது கிடைக்கும். போகிறவர் பரிசு பெற்ற ஆண்டை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பக் கூடாது. எந்த ஊருக்கு எந்த ரயிலில் போனீர்கள், யாரிடம் தோற்றீர்கள், எத்தனை கோல், கோல்கீப்பர் யார் என்று கேட்க வேண்டும். அவர் வீட்டிலிருக்கும் சான்றிதழையும் குழுப் படத்தையும் அங்கேயே படமெடுத்துக்கொள்ள வேண்டும். படத்தின் பின்பக்கத்தையும் சேர்த்து எடுக்க வேண்டும், பெயர்கள் அங்கேதான் எழுதியிருக்கும்.