எங்கே 'சுபம்' போடுவது?

நண்பர் ஒருவர் என்னிடம் ஒரு மாலைப் பொழுது முழுவதும் சண்டை போட்டார். நல்ல ரசிகர், நிறையப் படிக்கிறவர். விஷயம், 'தி ஸெர்ச்சர்ஸ்' என்ற அமெரிக்கப் படம். 1956ல் ஜான் ஃபோர்டு எடுத்தது. கமாஞ்சி இந்தியர்கள் தூக்கிச் சென்ற ஒரு சிறுமியை, அவள் தகப்பனுடன் பிறந்தவன் வருஷக்கணக்கில் தேடி அலைகிறான். கிடைத்தால் கொன்றுவிடுவான் போல் இருக்கிறது. கடைசியில் மனம் இளகி, அவளை இரண்டு கைகளாலும் தூக்கி, தன் இனத்தார் வீட்டு வாசலில் கொண்டுவந்து சேர்க்கிறான். அவள் உள்ளே போகிறாள். கதவு சாத்துகிறது. நம் ஊர்ப் படமாக இருந்தால் அந்த இடத்தில் 'சுபம்' என்று எழுத்து விழும்.

"இதைவிட நல்ல முடிவு ஒரு கதைக்கு உண்டா ஐயா?" என்றார் நண்பர்.

பார்த்தபோது என் கண்ணும் கலங்கியது என்பதை நான் மறைக்கவில்லை. ஆனால், "அது முடிவே அல்ல, கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது. உம்முடைய டைரக்டர் கதவைச் சாத்தி உம்மை வெளியே நிறுத்திவிட்டார்" என்று சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. அவருக்கு அன்று சொன்னதையே இங்கே கொஞ்சம் நிதானமாக எழுதுகிறேன்.

படத்துக்கு மூலம், ஆலன் லெமே 1954ல் வெளியிட்ட நாவல். அந்த நாவலுக்குப் பின்னால் நிழலாக நிற்கிறாள் ஸிந்தியா ஆன் பார்க்கர் என்ற நிஜப் பெண். இல்லினாய்ஸில் பிறந்தவள். குடும்பம் டெக்ஸாஸுக்குக் குடிபெயர்ந்து, மரக்கோட்டை ஒன்று கட்டிக்கொண்டு பயிர் செய்தது. 1836 மே மாதம் 19ந் தேதி காலையில் கமாஞ்சிகளும் அவர்களைச் சேர்ந்தவர்களும் அந்தக் கோட்டையின் மேல் விழுந்தார்கள். ஐந்து ஆண்கள் செத்தார்கள். அவர்களில் ஒருவர் அவளுடைய தகப்பனார். ஐந்து பேரைக் குதிரையில் தூக்கிப் போனார்கள். அவளுக்கு அப்போது சுமார் ஒன்பது வயசு.

இதை நான் மூடிமறைக்கப் போவதில்லை. காட்டிலே கண்ட காதல், கட்டற்ற வாழ்வு, சுதந்திரப் பறவை என்று இவள் கதையை இனிக்க இனிக்க எழுதுகிற கூட்டம் ஒன்று உண்டு. அவர்களோடும் எனக்கு ஒட்டு உறவில்லை. அதே நாளில் பிடிபட்ட ரேச்சல் பிளம்மர் இவளுக்குச் சிற்றப்பன் பெரியப்பன் மகள் முறை. அவள் பணம் கொடுத்து விடுவிக்கப்பட்டு, பட்ட பாட்டை 1838ல் புத்தகமாகவே வெளியிட்டு, மறு வருஷம் இறந்துபோனாள். சிறைப்பட்ட இடத்தில் தான் பெற்ற பச்சைக் குழந்தையை அவர்கள் கொன்றதை அவள் அதில் சொல்லுகிறாள். அதைப் படித்த பிறகும் காதல் கீதம் பாடுகிறவன் கல்நெஞ்சன்.

ஆனால் ஸிந்தியா ஆன் வளர்ந்தாள். நாடுவா என்று பெயர் பெற்றாள். பீட்டா நொகோனா என்ற தலைவனுக்கு வாழ்க்கைப்பட்டாள். குவானா, பேகோஸ் என்று இரண்டு பிள்ளைகள், பிறகு டாப்ஸன்னா என்று ஒரு பெண். 1846ல் சர்க்கார் தூதர்கள் அவளைத் திரும்ப அழைத்துவரப் பார்த்தார்கள். கணவன் சொல்லியோ, தன் மனசாலோ, அவளுக்கு வர இஷ்டமில்லை என்று மேலிடத்துக்கு எழுதிவிட்டார்கள். இப்படியாக இருபத்து நான்கு வருஷம் போயிற்று. மனிதர் ஒருவருக்கு ஒரு ஊர் சொந்தமாவதற்கு எத்தனை வருஷம் வேண்டும் என்று நண்பரைக் கேட்டேன். பதில் இல்லை.

1860 டிசம்பரில் பீஸ் நதிக் கரையில் ஒரு சிறிய முகாமை ஸல் ராஸ் என்பவரின் படை தாக்கியது. செத்தவர்களில் பெண்களும் இருந்தார்கள். ஓடிய ஒருத்தியைப் பிடித்துப் பார்த்தால் கண்கள் நீலம்! 'மீட்டுவிட்டோம்' என்று ஊரெல்லாம் ஒரே கொண்டாட்டம். தலைவன் பீட்டா நொகோனாவையே வீழ்த்தியதாகவும் ராஸ் சொல்லிக்கொண்டார். அப்பா அன்று அங்கே இல்லவே இல்லை என்று மகன் குவானா பிற்காலத்தில் மறுத்தான். அன்றைய தினத்தைப் பற்றிய கதை எப்படி ஊதிப் பெருத்தது என்பதை 2010ல் கார்ல்ஸன், க்ரம் என்ற இருவர் ஒரு புத்தகமாகவே துருவி எழுதியிருக்கிறார்கள். ராஸ் 1887ல் டெக்ஸாஸ் கவர்னரானார். இன்றைக்கும் அவர் பெயரில் ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது.

அவளுக்கு என்ன கிடைத்தது? சட்டசபை 1861ல் அவளுக்கு நாலாயிரம் ஏக்கருக்கு மேல் நிலமும், ஐந்து வருஷத்துக்கு வருஷம் நூறு டாலரும் மானியம் விட்டது. கூடவே உறவினர் இருவரை அவளுக்குக் கார்டியன்களாகவும் நியமித்தது. முப்பது வயசு தாண்டிய, மூன்று பிள்ளை பெற்றவளுக்குக் கார்டியன்! அவள் கேட்ட ஒன்றே ஒன்றை மட்டும் யாரும் கொடுக்கவில்லை: திரும்பிப் போக வழி. பல தடவை ஓடப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் பிடித்துக்கொண்டு வந்தார்கள். முதல் தடவை பிடித்துப் போனதற்குப் பெயர் கொள்ளை. இந்தத் தடவைகளுக்குப் பெயர் பாசம். உறவினர்கள் கெட்டவர்கள் அல்ல என்றுதான் நானும் நினைக்கிறேன். அதுதான் எனக்குப் பெரிய வேதனை.

அந்தக் காலத்தில் எடுத்த புகைப்படம் ஒன்று இருக்கிறது. மடியில் குழந்தை பால் குடிக்கிறது. தாயின் தலைமயிர் கத்தரித்திருக்கிறது. ஏதோ அநாகரிகக் கோலம் என்று பார்த்தவர்கள் எண்ணியிருப்பார்கள். கமாஞ்சிப் பெண் துக்கத்துக்குத்தான் மயிரை அப்படிக் கத்தரித்துக்கொள்வாள். மீட்கப்பட்டவள் என்று காமிராவுக்கு முன்னால் உட்கார்த்தி வைத்தவள், எழவு காக்கிறாள். இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ஒருவர் 'சுபம்' போடட்டும், பார்க்கலாம்.

டாப்ஸன்னா சில வருஷங்களுக்குள் காய்ச்சலில் போய்விட்டாள். அவளைப் பெற்றவளும் 1870 அல்லது 71ல் கண்ணை மூடினாள். தன் கைப்பட ஒரு வரி எழுதி வைக்கவில்லை. அவள் மனசில் இருந்தது என்று நாம் சொல்வதெல்லாம் மற்றவர்கள் சொன்னது. கதாசிரியன் இங்கேதான் தன் பேனாவுக்குக் கடிவாளம் போட வேண்டும். நான் இதைச் சொல்ல யோக்கியதை உள்ளவனா? என் நாவல் ஒன்றில், வீட்டைவிட்டுப் போன ஒரு பெண்ணைக் கடைசி அத்தியாயத்தில் திரும்பக் கொண்டுவந்து, குத்துவிளக்கு ஏற்றச் சொல்லி முடித்தேன். பாராட்டிக் கடிதங்கள் வந்து குவிந்தன. அவளை நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

பிள்ளை கேட்டான். குவானா கடைசிவரை எதிர்த்து நின்று, 1875ல் ஃபோர்ட் ஸில்லில் சரணடைந்தவன். பிறகு அம்மாவின் குடும்பப் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டு குவானா பார்க்கர் ஆனான். ஓக்லஹோமாவில் பெரிய வீடு கட்டி, சுவரில் அம்மாவின் படத்தை மாட்டினான். அந்தப் படத்தின் பக்கத்தில் அவனே நிற்கும் புகைப்படமும் உண்டு. டெக்ஸாஸ் மண்ணில் கிடந்த தாயை அமெரிக்கக் காங்கிரஸின் அனுமதியோடு 1910 டிசம்பரில் எடுத்துவந்து தன் ஊருக்கு அருகில் அடக்கம் செய்தான். இரண்டே மாதத்தில், 1911 பிப்ரவரியில், அவனும் அவள் பக்கத்தில் போய்ப் படுத்தான். அங்கேயாவது விட்டார்களா? ராணுவத்தின் ஏவுகணைத் திடலுக்கு அந்த இடம் வேண்டியிருந்தது. 1957ல் இருவரையும் ஃபோர்ட் ஸில்லுக்கு மாற்றினார்கள். 'ஸெர்ச்சர்ஸ்' வெளியாகி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது.

ஸினிமா என்றதும் நினைவுக்கு வருகிறது. ஃபோர்டுக்கு முப்பத்தாறு வருஷத்துக்கு முன்பே, 1920ல், 'தி டாட்டர் ஆஃப் டான்' என்ற மௌனப்படத்தில் குவானாவின் மகன் ஒயிட் பார்க்கரும் மகள் வனாடாவும் நடித்தார்கள். அவளுடைய சொந்தப் பேரப்பிள்ளைகள்! நடித்தவர் அனைவரும் அந்த மண்ணின் இந்தியர்களே.  படம் பல காலம் காணாமற்போய்க் கிடந்து, அகப்பட்டு, 2013ல்தான் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பட்டியலில் ஏறியது.

டெக்ஸாஸ் பார்க்கர்களும் கமாஞ்சி பார்க்கர்களும் ஒருவர் வீட்டுக் கூட்டத்துக்கு ஒருவர் போய்வருகிற வழக்கம் உண்டு என்று சொன்னேன். நண்பர் கொஞ்சம் இளகினார். "அப்படியானால் வம்சாவளியில் 1860க்கு நேரே என்னதான் எழுதுவது?" என்று கேட்டார்.

"1836க்கு நேரே என்ன எழுதினார்களோ, அதையே எழுதட்டும்" என்றேன்.

அதற்கு மேல் அவர் வாதாடவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டவர் படியில் நின்று, "அந்தக் குழந்தை பெயர் என்ன சொன்னீர்?" என்று கேட்டார். டாப்ஸன்னா, அவர்கள் பாஷையில் பூ என்று பெயர் என்றேன். அவளையும் 1965ல் கொண்டுவந்து தாய்க்குப் பக்கத்தில் வைத்தார்கள் என்பதை அவரிடம் சொல்ல மறந்துவிட்டேன்.