எஃப்.டி-யில போடறவன் ஏமாளின்னு சொன்னது நான்தான்

1/
வழக்கமாக சர்க்கரை, பிரஷர், கொலஸ்ட்ரால் என்று எழுதுகிறவன் இன்று பணத்தைப் பற்றி எழுதுகிறேன். என் பள்ளித் தோழன் ஒருவன் 2023ல் 160/100 பிரஷரோடு என் கிளினிக்குக்கு வந்தான். அதில் என் பங்கும் இருந்தது. கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

2/
நாங்கள் அஞ்சு பேர். ஞாயிறு சாயந்திரம் ஒரே டீக்கடை. 2021ல் அந்தப் பெஞ்சில் பேச்சு முழுக்க ஷேர் மார்க்கெட்தான். 2020 மார்ச்சில் சென்செக்ஸ் 26,000க்குக் கீழே போனது. 2021 அக்டோபரில் 62,000ஐத் தொட்டது. அந்த நேரத்தில் வாங்கினவன் எல்லாம் தன்னை மேதை என்று நினைத்துக்கொண்டான். நானும்தான்.

3/
அப்போது பேங்க் எஃப்.டி-க்கு வட்டி சுமார் 5 சதவீதம். விலைவாசி அதைவிட வேகமாக ஏறிக்கொண்டிருந்தது. "எஃப்.டி-யில போடறவன் ஏமாளிடா" என்று பெஞ்சில் உட்கார்ந்து சத்தமாகச் சொன்னது நான். டாக்டர் சொன்னால் மாத்திரை மட்டுமா முழுங்குவார்கள்? எல்லாத்தையும் நம்புவார்கள்.

4/
நம்பினான். ஹார்டுவேர் கடை வைத்திருப்பவன். மகளின் காலேஜ் ஃபீஸுக்கு என்று எஃப்.டி-யில் வைத்திருந்த 6 லட்சத்தை உடைத்தான். புதிதாக லிஸ்ட் ஆன கம்பெனிகள், ஐ.டி. கம்பெனிகள் என்று வாங்கினான். அதே சமயம் 6.5 சதவீத வட்டியில் 30 லட்சம் வீட்டுக்கடனும் எடுத்தான். 20 வருஷம். மாசம் இ.எம்.ஐ சுமார் 22,400 ரூபாய்.

5/
2022ல் விலைவாசி எகிறியது. ஏப்ரலில் பணவீக்கம் 7.79 சதவீதம். ரிசர்வ் வங்கி தாங்க வேண்டிய மேல் வரம்பே 6தான். மே 4ஆம் தேதி, வழக்கமான கூட்டத்துக்குக்கூடக் காத்திருக்காமல், ரெப்போ வட்டியை 4ல் இருந்து 4.40 ஆக்கினார்கள். 2023 பிப்ரவரியில் அது 6.50. பத்தே மாதத்தில் இரண்டரை சதவீதம்.

6/
எங்கள் பாஷையில் சொன்னால், பணவீக்கம் ஜுரம், வட்டி மருந்து. கடன் விலை ஏறினால் ஜனங்கள் செலவைக் குறைப்பார்கள், விலைவாசி மெல்ல இறங்கும். ஆனால் எல்லா மருந்துக்கும் பக்கவிளைவு உண்டு. அது யார் உடம்பில் எங்கே தாக்கும் என்பதுதான் கேள்வி.

7/
வட்டி ஏறினால் ஷேர் ஏன் இறங்குகிறது? கம்பெனியும் கடன் வாங்கித்தான் தொழில் செய்கிறது, லாபம் குறையும். ரிஸ்க் இல்லாமல் 7 சதவீதம் கிடைக்கும்போது ரிஸ்க் எதற்கு என்று ஒரு கூட்டம் வெளியேறும். அமெரிக்காவிலும் வட்டியை ஏற்றினார்கள், வெளிநாட்டுப் பணம் அங்கே திரும்பியது. பத்து வருஷம் கழித்து லாபம் வரும் என்று கதை சொல்லும் கம்பெனிகளுக்கு அடி இன்னும் பலம். என் நண்பன் கையில் இருந்தது அந்த ரகம்.

8/
2022 ஜூன். சென்செக்ஸ் 51,000 அளவுக்கு வந்தது. அதே ஜூனில்தான் காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டும். மார்க்கெட்டுக்கு அது தெரியுமா? 6 லட்சம் அப்போது 3 லட்சத்து 90 ஆயிரம். விற்றான். பத்தாததற்கு மனைவியின் நகை அடகுக்குப் போனது.

9/
அதே வருஷம் நவம்பர் கடைசியில் சென்செக்ஸ் 63,000ஐத் தாண்டியது. நான் விற்கவில்லை, தப்பித்தேன். அவனைவிட எனக்கு அறிவு அதிகம் என்று அர்த்தம் இல்லை. என் பணத்துக்கு அந்த ஜூனில் வேலை இல்லை, அவன் பணத்துக்கு இருந்தது. வித்தியாசம் அவ்வளவுதான்.

10/
இப்போது வீட்டுக்கடன். கணக்கைப் பாருங்கள். 30 லட்சத்துக்கு 9 சதவீதம் என்றால் ஒரு மாச வட்டி மட்டும் 22,500. அவன் பழைய இ.எம்.ஐ 22,400. அதாவது கட்டுகிற பணம் வட்டிக்கே காணாது! 20 வருஷத்தில் முடிய வேண்டும் என்றால் இ.எம்.ஐ கிட்டத்தட்ட 27,000 ஆக வேண்டும்.

11/
பலருக்கு இ.எம்.ஐ ஏறவில்லை, அதனால் தெரியவே இல்லை. வருஷத்தை நீட்டிவிட்டார்கள். 55 வயதில் முடிய வேண்டிய கடன் 65க்குப் போனது. 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி சொன்னது: இ.எம்.ஐ-யைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, வாடிக்கையாளரைக் கேளுங்கள் என்று. உங்களைக் கேட்டார்களா? நீங்களாவது கேட்டீர்களா?

12/
விட்டதைப் பிடிக்க என் நண்பன் போன இடம் எஃப் அண்ட் ஓ. மேலும் ஒன்றரை லட்சம் போனது. ராத்திரி 2 மணிக்கு எழுந்து அமெரிக்க மார்க்கெட் பார்ப்பான். தூக்கம் இல்லை, கடையில் எரிச்சல். கூட வந்த தங்கச்சி சொன்னாள்: "அண்ணா, இவர் போனைப் பிடுங்கி வெச்சுட்டு மாத்திரை கொடுங்க."

13/
"ஏன்டா என்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன். "நீதான்டா ஏமாளின்னு சொன்ன. மறுபடி ஏமாளி ஆகக் கூடாதுன்னுதான்" என்றான். பதில் சொல்ல முடியவில்லை. பிரஷர் மாத்திரை எழுதிக்கொடுத்தேன். அந்த வார்த்தைக்கு மன்னிப்பும் கேட்டேன்.

14/
எஃப் அண்ட் ஓ பற்றி செபி 2024ல் வெளியிட்ட கணக்கு: மூன்று நிதியாண்டுகளில் அதில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். நூற்றில் 93 பேருக்குத் தோற்கும் ஆபரேஷனை எந்த டாக்டராவது செய்வாரா? நீங்கள் செய்துகொள்வீர்களா?

15/
ஷேர் கெட்டது என்று நான் சொல்லவில்லை. இன்றும் மாசம் எஸ்.ஐ.பி போடுகிறேன். மருந்து நல்லதுதான், ஆனால் நோயாளியைப் பார்க்காமல் எழுதக் கூடாது. அன்று பெஞ்சில் நான் செய்தது அதுதான். இவனுக்கு எவ்வளவு கடன், எப்போது பணம் தேவை, ஒன்றுமே கேட்காமல் எழுதிய பிரிஸ்கிரிப்ஷன்.

16/
ஆகவே ஷேரில் போடும் முன் நாலு கேள்வி:
இந்தப் பணம் அஞ்சு வருஷத்துக்குள் தேவைப்படுமா? தேவை என்றால் வேண்டாம்.
ஆறு மாசச் செலவு தனியாக இருக்கிறதா?
குடும்பத்துக்கு மெடிக்கல் இன்சூரன்ஸ் இருக்கிறதா?
கிரெடிட் கார்டு பாக்கி, பர்சனல் லோன் இருக்கிறதா? முதலில் அதை அடையுங்கள்.

17/
மெடிக்கல் இன்சூரன்ஸை ஏன் சேர்த்தேன்? ஐ.சி.யூ வாசலில் நின்று, நஷ்டத்தில் இருக்கும் ஷேரை விற்கும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். ஹார்ட் அட்டாக் மார்க்கெட் ஏறும் வரை காத்திருக்காது.

18/
2025 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி வட்டியைக் குறைக்க ஆரம்பித்தது. உங்கள் வீட்டுக்கடனில் அது இறங்கியிருக்கிறதா? பேங்குக்குப் போய் ஸ்டேட்மென்ட் வாங்கி, மீதி எத்தனை மாசம் என்று பாருங்கள். முடிந்தவர்கள் இ.எம்.ஐ-யைக் குறைக்காமல் காலத்தைக் குறைக்கச் சொல்லுங்கள்.

19/
நண்பன் இப்போது நலம். பிரஷர் 130/80. நகை மீட்டாகிவிட்டது. மகளின் கடைசி வருஷ ஃபீஸ் எஃப்.டி-யில் பத்திரமாக இருக்கிறது. போன ஞாயிறு பெஞ்சில் ஒருத்தன் ஆரம்பித்தான்: "இப்ப எதுல போடலாம்?" நான் திருப்பிக் கேட்டேன்: "உனக்கு எப்ப வேணும்?"

20/
உங்கள் நண்பர் கேட்டால் நீங்களும் முதலில் இதையே கேளுங்கள். யாரையும் ஏமாளி என்று சொல்லாதீர்கள். பகிருங்கள்.