கீற்றின் கோடுகளும் நமது கண்களும்

‘கலை இலக்கியம்’ என்று ஒரே மூச்சிற் சொல்லிப் பழகிவிட்டோம். ஆயினும் நமது கூட்டங்களில் இலக்கியம் பேசப்படும் அளவிற்கு ஓவியம் பேசப்படுவதில்லை. புதுமைப்பித்தனின் கதைகளை வரிசையாய் ஒப்புவிக்கும் மாணவனிடம் இந்நாட்டு நவீன ஓவியர் மூவரின் பெயரைக் கேட்டால் விழிக்கின்றான். அவனைக் குறை கூறிப் பயனில்லை. அவனுக்குப் படம் பார்க்கக் கற்பித்தவர் யார்? இக் குறையை மனத்திற்கொண்டே ஜோர்ஜ் கீற் என்னும் ஓவியரைப் பற்றிச் சில கருத்துக்களை இங்கு முன்வைக்க விரும்புகிறேன்.

கீற் 1901 ஆம் ஆண்டு கண்டியிலே பறங்கியர் குடும்பமொன்றிற் பிறந்தவர். திரித்துவக் கல்லூரியிற் கற்றார். ஆங்கிலமே வீட்டு மொழியாகவும் மேல்நாட்டு வாழ்வே இலட்சியமாகவும் இருந்த சூழல் அது. அச் சூழலில் வளர்ந்த இளைஞர், பக்கத்திலிருந்த மல்வத்தை விகாரையை நாடிச் சென்று பௌத்தத்தைப் பயின்றார். சிங்களத்தை ஊன்றிக் கற்றார். பின்னர் வடமொழிக் காவிய மரபிலே திளைத்து ஜயதேவரின் கீதகோவிந்தத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். கவிதைகளும் எழுதி 1930களில் நூல்களாய் வெளியிட்டார். தூரிகையைக் கையிலெடுத்தபோது வயது இருபத்தைந்தைத் தாண்டிவிட்டது. கலைக் கல்விப் பரிசோதகராயிருந்த வின்சர் என்பார் ஊக்கமளித்தார். புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட் தோள்கொடுத்தார். 1930 அளவிலே சிலி நாட்டுக் கொன்சலாகக் கொழும்பில் வாழ்ந்த கவிஞர் பப்லோ நெரூடா இவ்வோவியங்களை மெச்சி எழுதினார்.

அவரது ஆற்றலை அறிய விரும்புவோர் பொரளையிலுள்ள கோதமி விகாரைக்குச் செல்லவேண்டும். அங்கே 1939, 1940 ஆம் ஆண்டுகளில் புத்தர்பெருமானின் வாழ்க்கையைச் சுவரிலே தீட்டியிருக்கிறார். கண்டிக்கு அருகிலுள்ள தெகல்தொறுவை விகாரையின் பழைய சுவரோவியங்களைக் கண்டவர்கள், செந்நிறப் பின்புலத்தில் சிறு சிறு உருவங்கள் பட்டி பட்டியாய்க் கதை சொல்லிச் செல்வதை அறிவர். கீற் அவ்வழியே செல்லவில்லை. உருவங்களைப் பெரிதாக்கினார், சுவர் முழுவதையும் அவற்றுக்கே கொடுத்தார். அகன்ற கண்களும் திரண்ட தோள்களும் உடைய அம் மாந்தர்களைத் தூக்கி நிறுத்துவது வண்ணமன்று, கோடு. தோளிலே தொடங்கிய கோடு இடையிலே வளைந்து இன்னோர் உருவத்தின் கையோடு போய்க் கலக்கும். கண் அதைப் பின்தொடர்ந்து செல்லும். எங்கே ஓர் உடல் முடிந்து மற்றது தொடங்குகிறது என்று நின்று எண்ணத் தோன்றாது. பழைய மரபிலும் கோடே தலைவன். அம் மரபின் உயிரை எடுத்துக்கொண்டு அதன் அளவை விட்டுவிட்டார் என்பதே என் கருத்து.

“இவர் பிக்காஸோவைப் பின்பற்றியவர்தாமே” என்று ஒரு சாரார் எளிதாகத் தள்ளிவிடுவர். முன்னிருந்து பார்த்த முகத்தையும் பக்கத்திலிருந்து பார்த்த முகத்தையும் ஒன்றாக இணைப்பது கியூபிசத்திலிருந்து வந்ததே, அதை மறுப்பாரில்லை. ஆனால் பிக்காஸோ ஆபிரிக்க முகமூடிகளைக் கண்டு தம் பாணியை மாற்றியபோது அதனைப் புரட்சி என்றனர். கண்டியில் இருப்பவன் பாரிசிலிருந்து ஒன்றைப் பெற்றால் அது மட்டும் போலியாகிவிடுமோ? சிறுகதை என்னும் வடிவமே நமக்குக் கடல் கடந்து வந்ததுதான். அவ்வடிவிலே நம் எழுத்தாளர் நம் மண்ணின் வாழ்வை எழுதவில்லையா? ஓவியனுக்கு மாத்திரம் வேறு நீதி வழங்குவது முறையன்று.

இவ்விடத்திலே தமிழ் வாசகருக்கென ஒன்று சொல்லவேண்டும். கீற் மீண்டும் மீண்டும் வரைந்தது நாயகன் நாயகியரை, கண்ணனையும் இராதையையும். காத்திருப்பவள், ஊடுபவள், தோழியிடம் துயருரைப்பவள் ஆகிய இவர்களெல்லாம் நமக்குப் புதியவர்களா? முல்லையையும் மருதத்தையும் பாடமாகப் படித்தவனுக்கு இப் படங்களின் வாயில் ஏற்கெனவே திறந்திருக்கிறது. வடமொழி மரபிலிருந்து அவர் பெற்ற நாயகியை அகத்திணை மரபிலிருந்து நாம் சென்று சந்திக்கலாம். உரையாசிரியரின் துணை வேண்டியதில்லை.

1943 இல், லயனல் வென்ட் முன்னின்று கூட்டிய ‘43 குழு’வில் கீற்றோடு ஜஸ்டின் தெரணியகலை, ஐவன் பீரிஸ், ரிச்சர்ட் கேப்ரியல், மஞ்சுசிறி முதலியோர் சேர்ந்தனர். ஆங்கிலக் கலைக்கழகங்களின் சலித்துப்போன பாணியை எதிர்த்தெழுந்த குழு அது. ஐவன் பீரிஸின் கடற்கரைகளைப் பற்றித் தனியே எழுதலாம், எழுதத்தான் வேண்டும்.

கீற்றின் எல்லாப் படைப்புக்களையும் ஒரே தட்டில் வைத்துப் போற்ற நான் ஆயத்தமாயில்லை. 1993 இல் மறையும் வரை அறுபது ஆண்டுகளுக்கு மேலாக வரைந்த ஒருவர் தம்மைத் தாமே பிரதி செய்துகொள்ளும் ஆபத்திலிருந்து தப்புவது அரிது. பிற்காலத்து நாயகியரிலே கோடு பழக்கத்தால் ஓடுகிறது. இனிமை மிகுந்து இறுக்கம் தளர்கிறது. முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் அக் கோட்டிற்கு இருந்த தவிப்பு அங்கே இல்லை. செல்வர் வீட்டு வரவேற்பறைகளை அணிசெய்வன பெரும்பாலும் இப் பிற்காலப் படங்களாதலின், அவற்றைக் கொண்டே அவரை மதிப்பிடுவோர் ஏமாறுவர்.

பாடசாலைச் சுற்றுலா என்று யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் பிள்ளைகளைக் கொழும்புக்கு அழைத்து வருகிறோம். நூதனசாலை, தெகிவளை மிருகக்காட்சிச்சாலை, காலிமுகத்திடல் என்று அவர்களது பொழுது போய்விடுகிறது. நூதனசாலையிலிருந்து பொரளை அதிக தூரமில்லை. விகாரையில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே சென்று, அரை மணி நேரம் அச் சுவர்களின் முன் பிள்ளைகளை நிற்கவிடலாம். ஆசிரியர் அவ்வேளை விளக்கம் எதுவும் சொல்லாதிருந்தால் இன்னும் நன்று.