நாட்டின் கடனும் தோட்டத்து வீட்டுக் கணக்கும்: எங்கள் நிலைப்பாடு

நெகிரி செம்பிலானில் ரந்தாவ், சிலியாவ், லிங்கி, லாபு, பகாவ் வட்டாரத் தோட்டங்களில் இன்னும் குடியிருப்பவர்களும், தோட்டம் கைமாறியபின் சிரம்பான், நீலாய் பக்கம் வந்து சேர்ந்தவர்களும் கூடி நடத்தும் அமைப்பு எங்களுடையது. சம்பளம், வீடு, பள்ளிக்கூடம், அடையாள அட்டை, இவைதாம் இதுவரை எங்கள் பேச்சு. மத்திய அரசின் கடனைப் பற்றி நமக்கென்ன என்று எங்கள் உறுப்பினர்களே கேட்டார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்த அறிக்கை.

2024 இறுதியில் மத்திய அரசின் கடன் ஏறத்தாழ 1.25 டிரில்லியன் ரிங்கிட். உள்நாட்டு மொத்த உற்பத்தியில் அது 64 விழுக்காட்டுக்கும் மேல். நாட்டிலுள்ள சுமார் 3 கோடியே 40 லட்சம் பேருக்கும் பிரித்தால், நேற்றுப் பிறந்த குழந்தையின் பங்கும் 36,000 ரிங்கிட்டைத் தாண்டுகிறது. குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளி வாங்கும் ஒருவர் ஒரு காசும் செலவழிக்காமல் 21 மாதம் உழைத்தாலும் அந்தத் தொகை நிறையாது.

மொத்தக் கடனைவிட எங்களை உறுத்துவது வட்டி. 2025 வரவு செலவுத் திட்டத்தில் சுகாதார அமைச்சுக்கு ஒதுக்கியது 45.3 பில்லியன். அதே ஆண்டு கடனுக்குக் கட்டும் வட்டி 50 பில்லியனுக்கும் அதிகம். விடியுமுன் அரசாங்க ஆஸ்பத்திரியில் நம்பர் எடுத்து மதியம்வரை காத்திருக்கும் எங்கள் பெரியவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

அரசாங்கம் ஒரு குடும்பம் அல்ல. அதற்கு வரி விதிக்கும் அதிகாரம் உண்டு. கடனிலும் மிகப் பெரும் பகுதி ரிங்கிட்டிலேயே, உள்நாட்டிலேயே வாங்கியது. ஆகவே நாடு நாளைக்கே மூழ்கிவிடும் என்று யாரையும் நாங்கள் பயமுறுத்த மாட்டோம். ஆனால் கடன் எப்படி ஆளைப் பிடித்து வைக்கும் என்பது தோட்டத்து மக்களுக்குத் தெரியும். கப்பல் ஏறுமுன்பே கங்காணியிடம் வாங்கிய முன்பணம், வந்து இறங்கியபின் சம்பளத்தில் பிடித்தம் ஆனது. பிறகு கடைக்கணக்கு. சம்பள நாளன்று கையில் காசு வருவதற்கு முன்பே கடைக்காரரின் புத்தகம் முந்திக்கொள்ளும். மீதி போதாமல் மறுநாளே அதே கடையில் மறுபடி பற்று எழுதினோம். வருமானத்தின் தலைப்பகுதியை வட்டி எடுத்துக்கொண்டால் மிச்சச் செலவுக்கு மறுபடி கடன்தான். லயத்து வீட்டுக்கும் புத்ராஜெயாவுக்கும் இதில் வித்தியாசம் இல்லை.

எல்லாக் கடனும் கெட்டதென்றும் சொல்லவில்லை; பணம் எதற்குப் போகிறது என்பதே கேள்வி. 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பால்மரம் வெட்டியவர்கள் மாதம் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டினார்கள். வெள்ளைக்காரக் கம்பெனிகள் விற்ற தோட்டங்களில் சில அந்தப் பணத்தில் தொழிலாளரின் சங்கத்துக்கே சொந்தமாயின. கொடுத்த பணம் எதற்குப் போகிறது என்று ஒவ்வொரு அங்கத்தினருக்கும் தெரிந்திருந்தது. நாட்டின் கடனையும் இந்த அளவுகோலால்தான் அளக்க வேண்டும் என்கிறோம்.

கடனைக் குறைக்க முடியுமா? முன்பு ஒருமுறை குறைத்திருக்கிறோம். 1985, 86இல் ஈயத்தின் விலை விழுந்தது. ரப்பர், செம்பனை விலைகளும் கூடவே விழுந்தன. 1986இல் மத்திய அரசின் கடன் நாட்டின் ஓராண்டு உற்பத்தியையே தாண்டியது. 1997க்குள் அது உற்பத்தியில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிட்டது. வெளிநாட்டு முதலீட்டில் தொழிற்சாலைகள் பெருகின, அரசு நிறுவனங்கள் தனியார்மயமாயின, பொருளாதாரம் கடனைவிட வேகமாக வளர்ந்தது. அந்த வளர்ச்சிக்கு நிலம் வேண்டியிருந்தது. தோட்டங்கள் தொழிற்பேட்டைகளும் வீடமைப்புத் திட்டங்களும் ஆனபோது, மூன்று தலைமுறை வேலை செய்த இடத்தை விட்டு ஒரு வீடுகூடச் சொந்தமாக இல்லாமல் வெளியேறிய குடும்பங்கள் எங்களில் உண்டு. நாடு மீண்டதில் எங்களுக்கு மகிழ்ச்சியே. அந்த மீட்சியின் விலையில் ஒரு பங்கு எங்கள் வாசலில் வசூலானது என்பதையும் பதிவு செய்கிறோம்.

இப்போதைய கடன் வேறு விதம். அரசு முதலீட்டு நிறுவனமான 1எம்டிபி விவகாரத்தில் கடன் வாங்கியதும் உத்தரவாதம் கொடுத்ததும் பொதுமக்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது. 2018இல் நாட்டின் கடனும் பொறுப்புகளும் ஒரு டிரில்லியன் என்று அறிவித்தபோது, கடனை அடைக்க அரசு திறந்த ஹராப்பான் நிதிக்கு மக்கள் தாங்களாகவே பணம் போட்டார்கள். 20 கோடி ரிங்கிட் சேர்ந்தது. நெஞ்சைத் தொட்ட செயல் அது. ஆனாலும் அன்றைய வட்டிக்கு மூன்று நாளைக்குக்கூட அது காணாது. பிறகு பெருந்தொற்று. 55 விழுக்காடாக இருந்த கடன் உச்சவரம்பு 2020இல் 60 ஆனது, 2021இல் 65 ஆனது. உயிர்காக்க வாங்கிய கடனை நாங்கள் குறை சொல்லவில்லை. எங்கள் வீடுகளும் அந்த உதவியில்தான் அடுப்பெரித்தன.

எங்கள் பக்கத்துத் தவறும் இருக்கிறது. 2018 ஜூனில் ஜிஎஸ்டி என்ற பொருள் சேவை வரியைச் சுழியமாக்கியபோது நாங்களும் கைதட்டினோம். 2017இல் அந்த வரி தந்தது சுமார் 44 பில்லியன். அதற்கு ஈடான வருமானம் எங்கிருந்து வரும் என்று அன்று நாங்கள் கேட்கவில்லை. வரி வேண்டாம், உதவித்தொகை வேண்டும், எண்ணெய் விலை ஏறக் கூடாது என்று எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்கிறோம்; எந்தக் கட்சி ஆண்டாலும் தேர்தலுக்கு முன் தலையாட்டுகிறது. அரசின் வரவு செலவுப் பற்றாக்குறை நாட்டின் உற்பத்தியில் 2023இல் 5 விழுக்காடு, 2024இல் 4.1 விழுக்காடு. குறைந்திருக்கிறது, வரவேற்கிறோம். ஆனால் பற்றாக்குறை இருக்கும்வரை கடன் ஏறிக்கொண்டுதான் இருக்கும்.

ஏறவிட்டால் யாருக்கு அடி விழும் என்பதை இலங்கை காட்டியது. 2022 ஏப்ரலில் அந்த நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்ட முடியாதென்று அறிவித்தது. மறு ஆண்டு உள்நாட்டுக் கடனைச் சீரமைத்தபோது ஊழியர் சேமலாப நிதியின் கடன்பத்திரங்களைக் குறைந்த வட்டிக்கு மாற்றினார்கள். மலையகத்தில் கொழுந்து பறித்த பெண்களின் சேமிப்பும் அந்த நிதியில்தான் இருக்கிறது. நம் அரசின் கடன்பத்திரங்களை அதிகம் வைத்திருப்போரில் நம் ஊழியர் சேமநிதி முன்னணியில் நிற்கிறது. அரசு வாங்கிய கடனில் எங்கள் பெரியவர்களின் ஓய்வுகாலக் காசும் கலந்திருக்கிறது. நமக்கென்ன என்று கேட்ட உறுப்பினர்களுக்கு எங்கள் பதில் இதுதான்.

ஆகவே கடனைக் குறைப்பதை நாங்கள் ஆதரிக்கிறோம். 2024 ஜனவரி முதல் நடப்பிலுள்ள நிதிப் பொறுப்புச் சட்டம் கடனை 60 விழுக்காட்டுக்குள்ளும் பற்றாக்குறையை 3 விழுக்காட்டுக்குள்ளும் கொண்டுவரச் சொல்கிறது. அந்த இலக்கைத் தளர்த்தக் கூடாது. அரசு கொடுக்கும் கடன் உத்தரவாதங்களுக்கும் அந்தச் சட்டத்தில் வரம்பு உண்டு. எந்த நிறுவனத்துக்கு, எவ்வளவு, எதற்கு என்பது சாதாரண மனிதருக்குப் புரியும் மொழியில், தமிழிலும், ஆண்டுதோறும் வெளிவர வேண்டும்.

எங்கள் சண்டை கடனைக் குறைக்கும் வரிசையைப் பற்றியது. முதலில் வெட்டு விழ வேண்டியது கசிவிலும் வீண் ஒப்பந்தத்திலும். அடுத்து, அதிகம் உள்ளவரிடம் அதிக வரி. ஆண்டுக்கு ஒரு லட்சம் ரிங்கிட்டுக்கு மேல் ஈவுத்தொகை வாங்குவோருக்கு 2025இல் வந்த 2 விழுக்காட்டு வரி நல்ல தொடக்கம், ஆனால் போதாது. ஜிஎஸ்டியை மீண்டும் கொண்டுவரும் பேச்சு எழுமானால் அதைக் கண்ணை மூடிக்கொண்டு எதிர்க்க மாட்டோம். அரிசி, மருந்து, பால்மாவு, பள்ளிப் பொருள்களுக்கு விலக்கும், ஏழைக் குடும்பங்களுக்கு முன்கூட்டியே ஈட்டுத்தொகையும் இருந்தால் பேசத் தயார்.

மானியத்தைத் தேவைப்படுவோருக்கு மட்டும் தருவது சரி. தருகிற விதத்தில் ஒரு வகையினர் விடுபடுகிறார்கள். 2025 செப்டம்பர் இறுதியில் வந்த பூடி 95 பெட்ரோல் மானியத் திட்டத்தில் மைகார்டு உள்ள குடிமக்களுக்கு லிட்டர் 1 ரிங்கிட் 99 காசு. இங்கேயே பிறந்து, இங்கேயே பால்மரம் வெட்டிக் கிழவரானபின்னும் குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாள அட்டையோடு இருப்பவர்கள் முன்பு 2 ரிங்கிட் 5 காசுக்குப் போட்ட எண்ணெய், தொடக்கத்திலேயே 2 ரிங்கிட் 60 காசாக ஏறியது. ரொக்க உதவியும் அவர்களுக்கு இல்லை. அவர்களின் குடியுரிமை விண்ணப்பங்கள் முடிவாகும்வரை அவர்களையும் மானியப் பட்டியலில் சேர்க்க வேண்டும். கருவூலத்துக்கு இது பெரிய செலவல்ல.

பள்ளிக்கூடங்களையும் சொல்லியாக வேண்டும். மாநிலத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றில் தோட்ட நிலத்தில் நிற்கும் பகுதி உதவி பெறும் பள்ளிகளுக்குக் கூரை மாற்றவும் கழிவறை கட்டவும் ஆண்டுதோறும் ஒதுக்கீட்டைத்தான் எதிர்பார்க்க வேண்டியுள்ளது. சிக்கனம் என்ற சொல் எழுந்ததும் தள்ளிவைக்க எளிதானவை இந்தச் சின்னச் செலவுகள்தாம். இவற்றைத் தொடாமல் சிக்கனம் செய்ய வேண்டும்.

அடுத்த வரவு செலவுத் திட்டத்துக்கு முன் இந்த அறிக்கையை மாநிலத்தின் எட்டு நாடாளுமன்ற உறுப்பினர்களிடமும் நேரில் கொடுப்போம். ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்விக்கு எழுத்தில் பதில் கேட்போம்: கடனைக் குறைக்க நீங்கள் ஆதரிக்கும் வரி எது, நிறுத்தச் சொல்லும் செலவு எது? வருகிற பதில்களையும், பதில் வராத பெயர்களையும், தோட்டத்துக் கோயில் மண்டபங்களில் வாசித்துக் காட்டுவோம்.